ஏரோட்ராம் காட்டுப் பொன்னேர்

பாண்டியம்மாள்மீது போட்ட வழக்கில் "ஆயுதத்துடன் வந்து" என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுதம் என்னவென்று கேட்டால், நாட்டுக்கலப்பை. கருவேல மரத்துக் கலப்பை. பிடிக்கிற மேழியில் சித்திரைக்கு வைத்த மஞ்சளும் குங்குமமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு அட்டையைக் கட்டி நம்பர் போட்டு, போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம் மணல் லாரிக்கும் நசுங்கிய பைக்குகளுக்கும் நடுவில் போட்டு வைத்திருக்கிறார்கள். மழையில் ஊறுகிறது, வெயிலில் வெடிக்கிறது. மணல் லாரிக்காரன் ஒருநாள் வந்து பேச வேண்டியதைப் பேசி லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கலப்பைக்காகப் பேசத்தான் அந்த ஸ்டேஷனில் ஆள் இல்லை.

அந்தக் கலப்பையைப் பிடித்தவள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகையில் "மேற்படி எதிரி" என்று இருக்கிறது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

பாண்டியம்மாள் பண்ணைப்புரத்தில் பிறந்து, ஓடைக்கரட்டுப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில் மெயின்ரோட்டை விட்டு மேற்கே உள்ளடங்கிக் கிடக்கிற ஊர் அது. புருசன் நல்லகண்ணு மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகள் சுபாஸ்ரீ பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அன்றிலிருந்து பாண்டியம்மாளுக்கு ஏலத்தோட்ட வேலைதான். விடியுமுன்னே ஜீப் வரும். ஆடு அடைக்கிற மாதிரி பொம்பளைகளை அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும். கேரளா பக்கத்துத் தோட்டத்தில் களையெடுத்து, காய் பறித்து, மூட்டை தூக்கிவிட்டு, அட்டை கடித்த காலோடு பொழுது சாயும் நேரத்துக்கு இறங்கி வருவார்கள். மலையில் மேஸ்திரி அவளைச் சேச்சி என்பான். கீழே ஊரில் அவள் நல்லகண்ணு பொண்டாட்டி. அவள் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்ட முதல் ஆள் உத்தமபாளையம் கோர்ட்டு டவாலிதான்.

மகள் பி.காம். முடித்தாள். அதற்குப் பிறகும் பாண்டியம்மாள் அந்த ஜீப்பில்தான் போய் வந்தாள்.

ஏரோட்ராம் காடு என்று ஊர் சொல்கிற இடத்தின் கதை தெரியாமல் இந்த வழக்கு விளங்காது. இரண்டாவது உலகப்போர் சமயம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதுரை வரைக்கும் சனம் வெருண்டு கிடந்தது. மலை மறைவில் ஒரு விமானத்தளம் இருக்கட்டும் என்று எவனோ ஒருத்தன் வரைபடத்தில் விரலை வைத்தான். விரல் வைத்த இடம் ஓடைக்கரட்டுப்பட்டியின் மானாவாரிக் காடு. தமுக்கடித்துச் சொன்னார்கள். நின்ற சோளத்தைப் பால்பிடிக்கும் முன்னே அறுக்கச் சொன்னார்கள். சண்டை முடிந்ததும் நிலம் உங்களுக்கே என்றார்கள். கல்லும் சிமிண்டுமாக நீளத்துக்குப் போட்டார்கள். இந்த ஊர்ச் சனமே கூலிக்கு வந்து, தன் காட்டைத் தானே மூடியது.

அப்போது பட்டாளத்துத் துரை ஒருத்தன், ஊரில் பொல்லாப்பு வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, உங்களுக்கு என்ன வேண்டும் கேளுங்கள் என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். வேறு ஊராக இருந்தால் மாற்று நிலம் கேட்டிருப்பார்கள். நஷ்டஈட்டை உயர்த்திக் கேட்டிருப்பார்கள். குறைந்தபட்சம் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதையாவது எழுதி வாங்கியிருப்பார்கள். நல்லகண்ணுவின் தாத்தா முன்னால் வந்து நின்று கேட்டது ஒரே ஒரு காலைப்பொழுது. சித்திரை ஒண்ணாந்தேதி காலையில் மட்டும் உள்ளே விட்டால் போதும் என்றார்.

காரணம், பொன்னேர். சித்திரை முதல் நாள் ஊர் மொத்தமும் ஒரே புஞ்சையில் கூடி, மாட்டுக்குப் பொட்டு வைத்து, அந்த வருசத்தின் முதல் உழவுச்சால் ஓட்ட வேண்டும். அது ஓடிய பிறகுதான் அவனவன் தன் நிலத்தில் கலப்பையை வைப்பான். இந்த ஊருக்குப் பொன்னேர்ப் புஞ்சை நல்லகண்ணு வகையறாவுடையது. முதல் மேழியும் அவர்களுடையது. அந்தப் புஞ்சை ஓடுபாதையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. வருசா வருசம் அங்கே ஒரு சால் விழுந்துகொண்டிருக்கும்வரை நிலம் நம்மை விட்டுப் போகவில்லை என்று அந்த மனிதர் கணக்குப் போட்டார். ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. பட்டாவும் அடங்கலும் பேசுகிற உலகத்தில் சால் பேசும் என்று நம்பிய சனம் இது. இந்த ஏமாளித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

துரை சரியென்று தலையாட்டினான். அதற்காக அவனை நல்லவன் என்று எவரும் சொல்ல வேண்டாம். நிலத்தைப் பிடுங்கியவன் அவன்தான். சண்டை முடிந்தது, துரை போனான், விமானம் போனது. நிலம் மட்டும் திரும்பி வரவில்லை. சர்க்கார் கைமாறியது, ஆபீஸ் கைமாறியது, பெயர்ப்பலகை கைமாறியது. ஓடுபாதை வெடிப்பில் எருக்கு முளைத்தது. மந்திரிமாரின் ஹெலிகாப்டர் எப்போதாவது இறங்கும். சினிமாக்காரர்கள் வந்து கார்களை மோதவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் ஊர் மக்காச்சோளத்தைக் காயப்போட்டது. ஆனால் எந்த வருசமும் சித்திரை ஒண்ணாந்தேதி சால் விழாமல் இருந்ததில்லை.

நல்லகண்ணு செத்த அடுத்த சித்திரைக்கு, மேழியை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தது. அவன் தம்பி சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றான். பாண்டியம்மாள் தானே பிடிப்பதாகச் சொன்னாள். பொம்பளை மேழி பிடிக்கலாமா, மழை வருமா என்று நாலு பேர் முனகினார்கள்.

"மலையில மூட்டையத் தூக்கி என் தலையில வைக்கிறப்ப, இவ பொம்பளையாச்சேன்னு ஒருத்தரும் இறக்கி வைக்கல. மேழி அம்புட்டுக் கனம் இல்ல" என்றாள்.

அந்த வருசம் மழை நன்றாகவே பெய்தது. முனகல் அடங்கியது. சீனிச்சாமிக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் மாட்டைப் பிடித்துக்கொண்டு மதினிக்கு முன்னால் அவன்தான் நடந்தான்.

பிறகு, சின்ன ஊர்களுக்கெல்லாம் விமானம் என்று ஒரு திட்டம் வந்தது. ஏரோட்ராம் காட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. வெடிப்பெல்லாம் அடைத்துத் தார் போட்டார்கள். தீப்பெட்டிக் கணக்காக ஒரு கட்டடம், அதன் நெற்றியில் கண்ணாடி. வாரத்தில் சில நாள் மத்தியானத்துக்கு மேல் சென்னையிலிருந்து ஒரு குட்டி விமானம் வந்து திரும்பும். போடி ஏலக்காய் வியாபாரிகள் வருவார்கள், மேகமலை பார்க்கப் போகிறவர்கள் வருவார்கள். ஊரைக் கூட்டி, வேலையெல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே என்று மேடையில் சொன்னார்கள். கைதட்டினார்களா என்றால், தட்டினார்கள். இழந்தவன் பேரன் மூட்டை தூக்கும் வேலைக்குக் கைதட்டுகிறான் என்பதில் மேடையிலிருந்த எவனுக்கும் வெட்கம் வரவில்லை.

காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்றின் வழியாகச் சுபாஸ்ரீக்கு அங்கே வேலை கிடைத்தது. கவுண்டரில் நின்று பயணிகளின் பெட்டிக்கு அட்டை கட்டுகிற வேலை. நீலக்கோட்டு, கழுத்தில் ஒரு சின்னத் துணி. பாண்டியம்மாள் அந்தக் கோட்டைத் தானே தேய்த்துக் கொடுத்தாள். ஜீப்பில் அவளைச் சும்மா விடுவார்களா. பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் கிண்டலைத் தொடங்கிவைத்தாள்.

"என்ன பாண்டி, உன் மக மேல இருந்து பாத்தா நம்ம ஜீப்பு எறும்பு கணக்காத் தெரியுமாமே?"

"அவ எங்கன ஏறுனா? ஏறுறவுக பொட்டிக்கு அட்டை கட்டுறா. நீ ஏறுறன்னைக்கு உன் சோத்துத்தூக்குக்கும் கட்டச் சொல்றேன்."

ஜீப்பே சிரித்தது. அவளுக்கும் பெருமைதான். அந்தப் பெருமையைத்தான் பிறகு கழுத்துக் கயிறாகத் திரித்தார்கள்.

விமானம் வந்த பிறகு முதல் சித்திரை. வேலி இருக்கிறது, கேட் இருக்கிறது. பாண்டியம்மாளும் சீனிச்சாமியும் முறைப்படி போய்க் கேட்டார்கள். மேனேஜர் சசிதரன் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், சிரித்த முகம். விசயத்தைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். விமானம் மத்தியானம்தானே, காலையில் சீக்கிரம் முடித்துவிட்டுப் போங்கள், பேப்பருக்கு ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நாள் நெருங்கியதும் கவுண்டருக்கே வந்து சுபாஸ்ரீயிடம், "உங்கம்மாவ தைரியமா வரச் சொல்லுங்க. கேட்ல நான் சொல்லிட்டேன்" என்றார். அவள் வந்து அதை அப்படியே சொன்னாள்.

எழுதிக் கேட்கவில்லை. மறுபடியும் அதே தப்பு. வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு மனசு குளிர்ந்து வந்தார்கள்.

சித்திரை ஒண்ணாந்தேதி. முந்தின வாரம் கோடை மழை பெய்து மண் இளகியிருந்தது. கேட்டைத் திறந்துவிட்டான் செக்யூரிட்டி. மாட்டுக் கொம்பில் பூ, தேங்காய், பழம், விதைப்பெட்டி. சசிதரன் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். கவுண்டர் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வெளியே வந்தார்கள். அவர்களில் சுபாஸ்ரீயும் நீலக்கோட்டோடு நின்றாள். பாண்டியம்மாள் மேழியை அமுக்கினாள். முதல் சால் நேராக விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மாட்டைத் திருப்பி இரண்டாவது சாலில் பாதிகூடப் போகவில்லை, கலப்பை எதிலோ சிக்கி நின்றது. கருவேல வேர் என்று நினைத்து மாட்டை அதட்டினாள். கலப்பையின் இரும்புக் கொழு எம்பி மேலே வந்தது. கூடவே கறுப்பாக ஒரு வயர், பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கின மாதிரி நீளத்துக்கு எழுந்து வந்து அறுந்தது.

குலவை நின்றுபோனது. சீனிச்சாமி குனிந்து அதைத் தூக்கிப் பார்த்தான்.

"மதினி, ஏரோட்ராமுக்கு நரம்பு வெளிய வந்துருச்சு" என்றான்.

ஓடுபாதை ஓரத்து விளக்குகளுக்குப் போகிற கேபிள் அது. ராத்திரி விமானம் ஒருநாள் வருமாம், அன்றைக்கு எரிவதற்காகப் போட்ட விளக்கு. இன்றுவரை எரிந்ததில்லை. நாட்டுக்கலப்பை மண்ணை எவ்வளவு ஆழம் கீறும்? ஒரு சாண் போனால் அதிகம். அந்த ஒரு சாணுக்குள் கேபிள் கிடந்தது. குழி வெட்டுகிற கூலியை விழுங்கிவிட்டு, மம்மட்டியால் ரெண்டு இழுப்பு இழுத்து, மேலே மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறான் காண்ட்ராக்டர். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தோட்டத்துக்குத் தண்ணீர்க்குழாய் பதிக்கிறவன்கூட இதைவிட ஆழமாகத்தான் பதிப்பான்.

சசிதரன் முகம் செத்துப்போனது. ஆனாலும் அந்த நேரத்தில் மனிதனாகத்தான் பேசினார். பரவாயில்லையம்மா, நீங்க போங்க, நான் சரிபண்ணிக்கிறேன் என்றார்.

மத்தியானம் காண்ட்ராக்டர் காரில் வந்து இறங்கினான். கட்சிப் பிரமுகர் ஒருவரின் மருமகன். உள்ளே என்ன பேசினார்களோ, வெளியே வந்தபோது கதை மாறிப்போயிருந்தது. சாயங்காலம் ஜீப் வந்தது. மலைக்குப் போகிற ஜீப் இல்லை. போலீஸ் ஜீப். அத்துமீறி நுழைந்தது, பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியது, விமானப் போக்குவரத்துக்கு ஆபத்து விளைவித்தது என்று வழக்கு. அன்றைக்கு விமானமே வரவில்லை. சித்திரைத் திருநாள், பயணிகள் இல்லையென்று ரத்து செய்திருந்தார்கள். வராத விமானத்துக்கு, எரியாத விளக்கால், ஒரு கலப்பை ஆபத்து விளைவித்துவிட்டது. இதை எழுதிய கை கூசியிருக்காதா?

மேனேஜர் அனுமதி கொடுத்தாரே என்று சீனிச்சாமி கேட்டான். அப்படி எந்த அனுமதியும் கொடுக்கப்படவில்லை என்று சசிதரன் வாக்குமூலம் கொடுத்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். திருநீறு பூசி எடுத்த போட்டோ எங்கே என்றால், அப்படி எதுவும் எடுக்கவில்லையாம்.

உத்தமபாளையத்து வக்கீல் உமாதேவி ஜாமீன் வாங்கிக் கொடுத்தாள். கட்டுக்குட்டான பெண், வேகமாகப் பேசுவாள். பாண்டியம்மாளை உட்காரவைத்து, மேனேஜர் சரியென்று சொன்னதைக் காதால் கேட்டவர் யாராவது உண்டா என்று கேட்டாள். ஊர்ச்சனம் ஒரு பக்கத்துச் சாட்சி, கேட் செக்யூரிட்டி அவர்கள் ஆள், இரண்டும் ஆகாது என்றாள். முதலில் கேட்கப் போனபோது இருந்தது சீனிச்சாமி. அவன் உறவுக்காரன், அவன் சொல் எடுபடாது. அதுவும் அவன் இப்போது ஏரோட்ராம் வாசலில் ஆட்டோ போட இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான். ஞாபகம் இல்லையே மதினி என்று தலையைச் சொறிந்தான். மிச்சம் ஒரே ஆள், உறவென்றாலும் ஏரோட்ராமிலேயே வேலை பார்ப்பதால் சொல் எடுபடக்கூடிய ஆள். "உங்கம்மாவ தைரியமா வரச் சொல்லுங்க" என்ற பேச்சைக் கேட்ட காது.

"எம்மகள இதுல இழுக்காதீக தாயி. வேற வழி பாருங்க" என்றாள் பாண்டியம்மாள்.

உமாதேவி பேனாவை மூடிவைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். வேறு வழி இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

இதை வக்கீலைவிட முன்னதாகக் கணக்குப் போட்டவர்கள் ஏரோட்ராம்காரர்கள். சுபாஸ்ரீயை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவள் வாய் திறந்திருப்பாள். கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, வேலையை நிரந்தரமாக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம், குடும்ப விசயத்தையும் வேலையையும் குழப்பிக்கொள்ளாதே என்றார்கள். அம்மா கோர்ட்டில் தெரியாமல் நுழைந்துவிட்டேன், என் தப்புதான் என்று ஒத்துக்கொண்டால் பெரிய செக்சன் ரெண்டையும் எடுத்துவிடுவார்கள், அபராதத்தோடு முடியும், அந்த அபராதத்தையும் காண்ட்ராக்டரே கட்டிவிடுவார் என்றார்கள். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். திருடியவன் பறிகொடுத்தவளுக்கு அபராதம் கட்டுகிறானாம். அவள் ஒத்துக்கொண்டால் கேபிள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று எவனும் கேட்க மாட்டான். அது ஒன்று. அவள் வாயாலேயே அது அத்துமீறல் என்று ஆகிவிட்டால், அந்தச் சித்திரைக் காலைப்பொழுது அதோடு முடிந்தது. அது இரண்டாவது.

வீட்டில் சுபாஸ்ரீ சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினாள்.

"ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும்மா. ஊருல எத்தன பேரு பைன் கட்டிட்டு வாறாக. ஹெல்மெட் போடாம மாட்டுனா ஒத்துக்கிறதில்லையா?"

"ஹெல்மெட் போடாதது நெசம். நான் திருட்டுத்தனமா உள்ள போனது நெசமா?"

"அந்த ஒரு சாலுக்காக நான் திரும்ப உன்கூட ஜீப்புல ஏறணுமா?"

பாண்டியம்மாள் சோற்றைப் பிசைந்தாள். அந்த ஜீப்பில் மகள் ஏறக்கூடாது என்றுதான் இத்தனை வருசமும் அவள் ஏறினாள். நீ கேட்டதை நீ சொல்லு என்று ஒரு வார்த்தை அன்றைக்கு அவள் வாய்வரைக்கும் வந்தது. அதைச் சோற்றோடு சேர்த்து முழுங்கினாள். சுபாஸ்ரீக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் குரலை அவ்வளவு உயர்த்தினாள்.

கோர்ட்டுக்கு முன்னால் ஒரு தடவை பாண்டியம்மாள் ஏரோட்ராமுக்குப் போனாள். மகள் லீவில் இருந்த நாளாகப் பார்த்துப் போனாள். உள்ளே விடவில்லை. கேட் ஓரத்திலேயே பொழுதெல்லாம் நின்றாள். சசிதரன் வீட்டுக்குப் போகக் காரில் வந்தபோது கை காட்டி நிறுத்தினாள். அவர் கண்ணாடியை இறக்கினார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க வாங்கன்னு சொன்னீகளா, இல்லையா?"

"பேப்பர்ல எதுவும் இல்லீங்களேம்மா" என்றார் அவர், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்க."

"எனக்கு ஒண்ணு இருக்கு சார். உங்க கவுண்டர்லதான் நிக்கிது."

கண்ணாடி ஏறியது, கார் போனது. அவரை ஒரேயடியாகத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை. அவள் மனசு வராமல் இருக்கட்டும். இப்படிப் பிள்ளைகளைக் காட்டிக் காட்டியே அடுத்தவன் பிள்ளை வயிற்றில் அடிக்கிறவர்களால்தான் காண்ட்ராக்டர்கள் காரில் போகிறார்கள்.

ஆடி கழிந்து கோர்ட்டில் அவள் கேஸ் வந்தது. காலையிலேயே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் வந்து நல்லவிதமாகவே பேசினார். உள்ளே போனதும் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம் என்றார். காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் கையில் கவரோடு தூணருகில் நின்றான். அபராதத்துக்காம். சீனிச்சாமியும் வந்திருந்தான். மதினி, பெரிய இடத்தோட நமக்கு எதுக்கு என்றான். மகள் வரவில்லை. டூட்டி.

டவாலி வாசலில் நின்று அவள் பேரை மூன்று முறை கூப்பிட்டான். பாண்டியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மாஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட நடுவயசுப் பெண். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"உழுதது நாந்தான் தாயி. குத்தம் நான் பண்ணல."

"ஒத்துக்கிறீங்களா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

கவர்க்காரன் வாசலில் எட்டிப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தலையை ஆட்டிக் காட்டினார், மாட்டுக்கு வழி காட்டுகிற மாதிரி.

"ஒத்துக்கல" என்றாள்.

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. உமாதேவி எழுந்து, அறுந்த கேபிளையும், அது எவ்வளவு ஆழத்தில் பதிக்கப்பட்டது என்ற விவரத்தையும் அரசுத் தரப்பு கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று மனு கொடுத்தாள். தூணருகில் நின்றவன் கவரைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு செல்போனோடு வெளியே ஓடினான். இன்ஸ்பெக்டர் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. சீனிச்சாமி பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தும் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான்.

பெரிய செக்சன்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. தண்டனை என்றால் ஜெயில். வாய்தாவுக்கு மேல் வாய்தா. அவள் தோட்டக்கூலியை விட்டுவிட்டு வருவாள், அரசுத் தரப்பில் யாராவது ஒருத்தர் வரமாட்டார், தள்ளிவைப்பார்கள். கேபிள் ஆழத்தைப் பற்றிய மனுவுக்கு இன்னும் பதில் தரவில்லை. ஏழையை ஜெயிலில் போட்டுத்தான் தண்டிக்க வேண்டும் என்று இல்லை. பஸ்ஸில் ஏற்றி இறக்கியே தண்டிக்கலாம்.

வீட்டில் தாயும் மகளும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். கோட்டைத் தேய்த்து வைப்பதை மட்டும் பாண்டியம்மாள் நிறுத்தவில்லை.

ஐப்பசி மழை பிடிக்கிற சமயம் அது. ஒருநாள் சுபாஸ்ரீ வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். பாண்டியம்மாள் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கிக் காலில் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அங்கன தோண்டுறாக."

"எங்கன?"

"ரன்வே ஓரம் முழுக்க. ஜேசிபி வந்து நிக்கிது. பழைய கேபிள எல்லாம் உருவி எடுத்துட்டுப் புதுசாப் போடுறாக. பராமரிப்பு வேலைன்னு போர்டு வச்சிருக்காக."

"எம்புட்டு ஆழத்துக்கு?"

சுபாஸ்ரீ கையை இடுப்புக்கு மேலே வைத்துக் காட்டினாள். காட்டிய கை அங்கேயே நின்றது.

பாண்டியம்மாள் சுண்ணாம்பு டப்பாவை மூடினாள். அதற்குச் செலவும் சர்க்கார் பணம்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. கோர்ட்டிலிருந்து நாளைக்கு வந்து அளந்து பார்த்தாலும் கேபிள் பாதாளத்தில் கிடக்கும், ஒரு பொம்பளை கடப்பாரை போட்டு நோண்டி அறுத்தாள் என்று சொல்வார்கள் என்பது மட்டும் உடனே விளங்கியது. இனிமேல் அவள் பக்கம் மண்ணும் பேசாது.

சுபாஸ்ரீ வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அடுப்பில் உலை கொதித்து வழிகிற சத்தம் கேட்டும் இருவரும் எழவில்லை.

"மேனேஜர் கவுண்டர்ல நின்னு சொன்னதுதான. கூட நின்ன பிள்ளைகளும் கேட்டுச்சுக. ஆனா அதுக வாய் தொறக்காதுக" என்றாள் சுபாஸ்ரீ. பிறகு கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, "வக்கீலம்மாகிட்ட எம்பேரையும் சாட்சியில எழுதச் சொல்லும்மா" என்றாள்.

"வேல போயிரும்."

"தெரியும்."

"ஜீப்பு விடியுமுன்ன வரும். மலையேறுறப்ப உனக்கு வாந்தி வரும்."

"அதும் தெரியும்மா. விடு."

கட்டிப்பிடிக்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. பாண்டியம்மாள் எழுந்து போய் உலையை இறக்கினாள். உள்ளேயிருந்தே சொன்னாள்:

"கோர்ட்டுக்கு வாரன்னைக்கு அந்தக் கோட்ட அவுத்து அவுககிட்டயே கொடுத்துட்டு வா. அத மாட்டிக்கிட்டுச் சாட்சி சொன்னா, அதுக்கும் ஒரு அட்டையக் கட்டிக் கலப்பைக்குப் பக்கத்துல போட்டுருவாக."